பெரிய ஃபைலை இலவசமாக அனுப்புவது எப்படி? அப்லோட் முதல் சரிபார்ப்பு வரை

ஜிமெயிலில் ஒரு மெயிலோடு அதிகபட்சம் 25 எம்பி வரைதான் இணைக்க முடியும். மெயிலில் போகும் ஃபைல் எழுத்துக்குறிகளாக மாற்றப்பட்டே போகிறது. அப்போது அதன் அளவு சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பெறுபவரின் சர்வர் இந்தக் கூடிய அளவைத்தான் கணக்கில் எடுக்கும். 20 எம்பி ஃபைல்கூடச் சில சமயம் திரும்பி வருவது இதனால்தான். எனவே பெரிய ஃபைலை மெயிலில் இணைக்காமல், எங்காவது ஏற்றிவிட்டு லிங்க்கை மட்டும் அனுப்புவதே சரியான வழி.

முதலில் அளவும் வேகமும்

ஃபைலின் மீது ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போனால் அளவு தெரியும். அடுத்து ஏதாவதொரு ஸ்பீடு டெஸ்ட் தளத்தில் அப்லோட் வேகத்தைப் பாருங்கள். டவுன்லோட் வேகத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பல இணைப்புகளில் அப்லோட் அதைவிட மிகக் குறைவு.

வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், ஃபைல் அளவு மெகாபைட்டில் இருக்கும். ஒரு பைட் என்பது 8 பிட். 5 ஜிபி ஃபைல் என்றால் 40,000 மெகாபிட். அப்லோட் 10 எம்பிபிஎஸ் என்றால் 4,000 விநாடி, அதாவது ஒரு மணி நேரத்துக்கும் மேல். நடைமுறையில் இன்னும் கொஞ்சம் கூடும். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால், பாதியில் ‘மாட்டிக்கொண்டது’ என்று நினைத்து ரத்து செய்ய மாட்டீர்கள்.

ஃபைல்கள் பல இருந்தால் ஜிப் செய்து ஒன்றாக்குங்கள். ஆனால் எம்பி4 வீடியோவும் ஜேபெக் படமும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. ஜிப் செய்தாலும் அளவு குறையாது.

ஒரு முறை மட்டும் அனுப்ப: ஸ்விஸ்டிரான்ஸ்ஃபர்

புதிதாகத் தொடங்குபவருக்கு ஸ்விஸ்டிரான்ஸ்ஃபர் என்ற இந்தத் தளத்தைத்தான் முதலில் பரிந்துரைப்போம். கணக்குத் தொடங்கத் தேவையில்லை, ஒரு முறைக்கு 50 ஜிபி வரை அனுப்பலாம். இதே போன்ற வீடிரான்ஸ்ஃபர் தளமும் பெயர் பெற்றதுதான். ஆனால் அதன் இலவசச் சேவையில் இப்போது கட்டுப்பாடுகள் அதிகம்.

1. தளத்தைத் திறந்து ஃபைலை இழுத்துப் போடுங்கள்.
2. ‘லிங்க்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘மெயில்’ வழியாக அனுப்பினால், தளத்திலிருந்து போகும் மெயில் ஸ்பாமில் விழ வாய்ப்புண்டு. லிங்க்கை நீங்களே வாட்ஸ்அப்பில் கொடுப்பது நிச்சயமான வழி.
3. கூடுதல் அமைப்புகளைத் திறந்து, லிங்க் எத்தனை நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்று வையுங்கள். அதிகபட்சம் 30 நாள். எத்தனை முறை டவுன்லோட் செய்யலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. அதை 1 என்று வைத்துவிடாதீர்கள்: பெறுபவருக்குப் பாதியில் இணைப்பு அறுந்தால் மறுபடி எடுக்க முடியாமல் போகலாம்.
4. அடையாள ஆவணம், வங்கி அறிக்கை போன்றவை என்றால் கடவுச்சொல் போடுங்கள். லிங்க் வாட்ஸ்அப்பில் போனால் கடவுச்சொல்லைப் போனில் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே செய்தியில் அனுப்பினால் பூட்டியும் பயனில்லை.
5. ஏறி முடியும்வரை டேபை மூடக் கூடாது. கம்ப்யூட்டர் ஸ்லீப் மோடுக்குப் போகாமல் அமைப்பை மாற்றிவிடுங்கள். பாதியில் நிற்கும் அப்லோடுகளுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மொபைலில் என்றால் வேறு ஆப்புக்குத் தாவாதீர்கள்.

பல நாள் இருக்க வேண்டுமென்றால்: கூகுள் டிரைவ்

இலவசமாக 15 ஜிபி கிடைக்கும். ஜிமெயிலும் போட்டோஸும் சேர்ந்தே அதைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஃபைலை ஏற்றியபின் ‘ஷேர்’ அழுத்தி, பொது அணுகலை ‘லிங்க் உள்ள யாரும்’ என்று மாற்றி, உரிமையை ‘பார்ப்பவர்’ என்றே விடுங்கள். இந்த மாற்றத்தைச் செய்யாமல் லிங்க்கை அனுப்பினால், எதிர்முனையில் ‘அணுகல் தேவை’ என்றுதான் வரும். லிங்க்கை இன்காக்னிட்டோ விண்டோவில் (உங்கள் கணக்கு சேராத தனி விண்டோ) நீங்களே ஒருமுறை திறந்து பார்த்துவிட்டால் கவலையில்லை.

100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைலை டவுன்லோட் செய்யும்போது ‘வைரஸ் சோதனை செய்ய முடியவில்லை’ என்று ஓர் எச்சரிக்கை வரும். அளவு காரணமாக டிரைவ் சோதிக்கவில்லை என்பதே அதன் பொருள். பெறுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒரே வைஃபையில் இருவரும் இருந்தால்: பேர்டிராப்

இரண்டு கருவியிலும் பேர்டிராப் தளத்தைத் திறந்தால் ஒன்றுக்கு மற்றொன்று தெரியும். அதைத் தட்டி ஃபைலைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஃபைல் நேராகவே போவதால் இணைய வேகம் பொருட்டல்ல. ஒன்றையொன்று காணவில்லை என்றால், பெரும்பாலும் விருந்தினர் வைஃபையில் கருவிகளைப் பிரித்து வைத்திருப்பார்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிப் பாருங்கள்.

போய்ச் சேர்ந்ததா?

பெறுபவருக்கு ஜிப் திறக்கவில்லை என்றால், அநேகமாக டவுன்லோட் முழுமையாகவில்லை. இருபுறமும் பைட் கணக்கில் அளவை ஒப்பிடுங்கள். அளவு ஒன்றாக இருந்தும் சந்தேகம் தீராவிட்டால் 7-ஜிப் என்ற மென்பொருள் உதவும்: அதை நிறுவியபின் ஃபைலில் ரைட் கிளிக் செய்து ‘ஷா-256’ (ஃபைலின் கைரேகை போன்ற குறியீடு) எடுத்தால் 64 குறிகள் கொண்ட ஒரு கோவை வரும். இருவருக்கும் அது அச்சு அசலாக ஒன்றாயிருந்தால் ஃபைல் பழுதின்றி வந்திருக்கிறது.

பென்டிரைவில் மாற்றும்போது ‘ஃபைல் மிகப் பெரியது’ என்று வந்தால், பென்டிரைவ் ஃபேட்32 என்ற சேமிப்பு வடிவில் இருக்கலாம்; அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. உள்ளே இருப்பதை வேறு இடத்தில் நகலெடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட் வடிவுக்கு மாற்றுங்கள்.

மூலப் பிரதியை அழிக்க வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ் சென்ட் என்பது ஃபைல் அனுப்பப் பலரும் நம்பிய இலவசச் சேவை. தீய நிரல்களைப் பரப்பப் பயன்படுத்தப்பட்டதால் 2020-இல் அது மூடப்பட்டது. இத்தகைய தளங்கள் ஃபைலைக் கைமாற்றத்தான், சேமித்து வைக்க அல்ல.