பிள்ளை நொண்டுகிறதா? போனில் படமெடுத்து எண்ணிப் பார்க்கும் முறை

மகனுக்கு இடது இடுப்பில் பெர்திஸ் (இரத்த ஓட்டம் குறைந்து தொடையெலும்பின் தலை நலியும் சிறுபிள்ளை நோய்) என்று தெரியவர முன்னர், மூன்று மாதம் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டுதானே அழுதான்! இடுப்பு மூட்டின் நோ முழங்காலில் தெரிவது பிள்ளைகளிடம் வழமையாம். கிளினிக்கில் டொக்டர் நடக்கச் சொன்னால் அங்கே மட்டும் நேராக நடந்து காட்டுவான். அதனால்தான் வீட்டில் வீடியோ படமெடுக்கத் தொடங்கினேன்.

முதலில் இடம். ஏழெட்டு மீற்றர் நேரான தரை வேண்டும். வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குள் அதற்கு எங்கே போவது? லிஃப்டுக்கு முன்னாலுள்ள கொரிடோர்தான் கைகொடுத்தது. காலிமுகத்திடலில் ஒருநாள் முயன்றோம். பட்டம் பார்த்தான், இஸ்ஸோ வடை கேட்டான், நடக்கவில்லை.

போன் வீடியோவைச் செக்கனுக்கு 60 ஃபிரேமுக்கு மாற்றி, பிள்ளையின் இடுப்பு உயரத்தில் அசையாமல் வையுங்கள். ஸ்டாண்ட் வாங்காதீர்கள், பிளாஸ்டிக் கதிரையும் பால்மா டின்னும் போதும். வெறுங்கால், மேற்சட்டை இல்லை, கட்டைக் காற்சட்டை சற்றுக் கீழே. முதுகின் அடியில் இரண்டு குழிகள் தெரியும். அவற்றில் வட்ட ஸ்டிக்கர் ஒட்டுங்கள். நான் முதலில் காற்சட்டை இலாஸ்டிக்கில் ஒட்டி, துணி நகர்ந்ததையெல்லாம் இடுப்பு நகர்ந்ததாக நினைத்தேன். (இந்தப் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக்கூடாது.)

பக்கவாட்டில் அல்ல, பின்னாலிருந்து எடுங்கள். நான் சறுக்கியது இதற்குப் பிறகுதான். படத்தில் வலப்பக்க ஸ்டிக்கர் கீழே இறங்கியது. நோவு இடதில், சரிவு வலதில்! இரண்டு நாள் குழம்பினேன். பிசியோதெரபி மிஸ் என்னையே இடக்காலில் நிற்கவைத்து, இடது இடுப்பின் வெளிப்பக்கத்தில் கைவைக்கச் சொன்னார். தசை கல்லாக இறுகியது. வலது இடுப்பைத் தூக்கிப் பிடிப்பது அந்த இடதுபக்கத் தசைதான். அது சோர்ந்தால் எதிர்ப்பக்கம் சரியும். டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மன் மருத்துவர் 1895இலேயே இதை எழுதிவிட்டார்.

இன்னொரு தந்திரமும் உண்டு. சில பிள்ளைகள் அடியெடுக்கும்போது உடம்பைப் பழுதான பக்கத்துக்கே சாய்த்துவிடும். இடுப்பு சரியாது, நீங்களும் 'ஒன்றுமில்லை' என்றிருப்பீர்கள். ஆகவே தோள்கள் இரண்டிலும் ஸ்டிக்கர் வேண்டும்.

அப்புறம் எண்ணுவது. குதி தரையில் பட்டதிலிருந்து பெருவிரல் எழும்வரை எத்தனை ஃபிரேம்? மகனுக்கு வலக்கால் 33, இடக்கால் 27. 60 ஃபிரேமில் ஒன்று சுமார் 17 மில்லிசெக்கன். அப்படியென்றால் நோகும் காலில் பத்தில் ஒரு செக்கன் குறைவாக நிற்கிறான். ஐந்தாறு அடிகளை எண்ணிச் சராசரி எடுங்கள். திரும்பும் இடத்து அடிகள் வேண்டாம்.

வீடியோவை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி எண்ணக் கணினியில் கினோவியா என்ற மென்பொருள், இலவசம். நடைக்கு மார்க் போடும் செயலிகளில் எனக்கு நம்பிக்கையில்லை. எதை அளந்தது என்றே சொல்லாது.

பிற்சேர்க்கை 1: எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் மாறுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். வெளிச்சம் குறைந்தால் சில போன்கள் தாமாகவே ஃபிரேமைக் குறைக்கும். காலையில் எடுங்கள்.

பிற்சேர்க்கை 2: பன்னிரண்டு வயது மகள் நொண்டுகிறாள், எப்படிப் படமெடுப்பது என்று ஒரு அம்மா கேட்டார். எடுக்க வேண்டாம், நடக்கவும் விடாதீர்கள். அந்த வயதில் தொடையெலும்பின் தலை வழுகியிருக்கலாம். அன்றே எக்ஸ்ரே வேண்டும். எந்த வயதானாலும் காய்ச்சலோடு காலூன்ற மறுத்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.