சுகாதாரக் கூட்டத்துக்குத் தலைப்பு எடுக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

வடசென்னையில் சுகாதாரக் கூட்டம் நடத்தக் கிளம்புபவர்கள் பலர் முதலில் எடுப்பது காலண்டரை. மார்ச் 24 காசநோய் நாள், நவம்பர் 14 நீரிழிவு நாள் என்று தேதி பார்த்தே தலைப்பும் முடிவாகிவிடுகிறது. தெருவில் அந்த வாரம் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தபோது, மீனவர்கள் அதைப் பக்கெட்டில் வாரி எடுத்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் அங்கே பேச வேண்டியது வேறு: தோலில் ஒட்டியதை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், சமையல் எண்ணெய் தடவித் துடைத்து, அப்புறம் சோப்பு போட்டுக் கழுவுங்கள், மூச்சு முட்டினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்த தவறை நானே செய்திருக்கிறேன். காசிமேட்டில் ஒருமுறை சர்க்கரை நோய் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். கணையம், இன்சுலின் எல்லாம் சொல்லி முடித்ததும் மீன் விற்கும் அக்கா ஒருவர் கேட்டார்: "நான் ராத்திரி ரெண்டு மணிக்கே ஏலத்துக்குப் போயிடுறேன்பா. சாப்பிடவே பத்து மணி ஆயிடும். காலைல போடுற சுகர் மாத்திரையை எப்போ போடறது?" முக்கால் மணி நேரத்தில் இதற்கு ஒரு வரிகூட நான் சொல்லியிருக்கவில்லை.

அந்தக் கேள்விதான் தலைப்பு. சில சுகர் மாத்திரைகளைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், மயக்கம்கூட வரும். எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் "என் வேலை நேரம் இது" என்று அவரிடம் மறக்காமல் சொல்லச் சொல்வதும், சுருக்குப்பையில் கொஞ்சம் சர்க்கரை மடித்து வைத்துக்கொள்ளச் சொல்வதும் நம் வேலை. சர்க்கரை நோய் முழுவதையும் ஒரே கூட்டத்தில் அடைக்கப் பார்க்காதீர்கள்.

செய்ய முடியாததைச் சொல்வது இன்னொரு தவறு. வியாசர்பாடியில் நேரம் பார்த்து வரும் தண்ணீரை ட்ரம்மில் பிடித்து வைக்கும் குடும்பத்திடம், டெங்கு வரும், தண்ணீர் தேக்காதீர்கள் என்றால் எரிச்சல்தான் வரும், அதில் நியாயமும் இருக்கிறது. ஏடிஸ் கொசு ட்ரம்மின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடும். தண்ணீரை மட்டும் கொட்டினால் முட்டை ஒட்டியபடியே மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். மறுபடி தண்ணீர் நிறைந்ததும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, துணி கட்டி மூடச் சொல்லுங்கள். ஒரு ட்ரம்மைக் கூட்டத்திலேயே கவிழ்த்துத் தேய்த்துக் காட்டினால் இன்னும் நல்லது.

சரி, தெருவுக்கு என்ன தேவை என்று எப்படித் தெரிந்துகொள்வது? கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகச் சுகர், பிரஷர் மாத்திரை கொண்டுபோகும் பெண்களிடம் கேளுங்கள். எந்த வீட்டில் மாத்திரை பிரிக்காமலே கிடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். குழாயடியில் நிற்பவர்களிடம், போன மாதம் எதற்காக ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் என்று கேளுங்கள்.

தலைப்புக்கு வைக்கும் பெயரிலும் கவனம் வேண்டும். காசநோய்க் கூட்டம் என்று பேனர் கட்டினால், உள்ளே வருபவரைத் தெருவே பார்க்கும். கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள். "ரெண்டு வாரமா இருமலா?" என்று கேட்டு அழையுங்கள். சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம் என்று சொல்லுங்கள். 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஏழைக் குடும்பத்து நோயாளிகளும் வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று உலகத்துக்கே காட்டியது. நம் ஊரில் நடந்த அந்த ஆய்வையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டை விட்டு ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து இருமலை மறைப்பவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.