துப்பாக்கியைத் தொலைத்த துப்பறிவாளர்: டிஸ்கோ எலிசியம் ஆட வருபவர்களுக்கு

சுடுவது, ஓட்டுவது, உதைப்பது என்று பழகிய கைக்கு டிஸ்கோ எலிசியம் என்ற வீடியோ கேம் முதலில் சலிப்பாகத்தான் இருக்கும். இதில் இருப்பது பேச்சு. சுமார் பத்து லட்சம் சொற்கள். நீங்கள் ஒரு போலீஸ் துப்பறிவாளர். குடித்த குடியில் சொந்தப் பெயரே மறந்துபோனவர், துப்பாக்கியையும் எங்கேயோ தொலைத்தவர். தங்கியிருக்கும் விடுதிக்குப் பின்னால் ஒரு மரத்தில் ஏழு நாளாகப் பிணம் தொங்குகிறது. அதை விசாரிக்கத்தான் வந்தீர்கள் என்பதையே இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எஸ்தோனியாவில் பிறந்த ஸா/உம் என்ற குழு 2019 அக்டோபரில் இதை வெளியிட்டது. தலைமை எழுத்தாளர் ராபர்ட் குர்விட்ஸ். அந்த ஆண்டு 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் நான்கு விருதுகளை வாங்கியது. வாங்குவதானால் 2021 மார்ச்சில் வந்த 'ஃபைனல் கட்' பதிப்பு. அதில் எல்லா வசனத்துக்கும் குரல் உண்டு, நமக்கு அது பெரிய உதவி. ஏன் என்று பிறகு சொல்கிறேன். வசவு, போதை, தற்கொலைப் பேச்சு எல்லாம் தாராளமாக வரும், அதனால் சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத நேரம் நல்லது.

முதல் படி: ஆளை உருவாக்குவது

ஆட்டம் தொடங்கும்போது மூன்று வகை ஆட்களைக் காட்டும்: யோசிப்பவர், உணர்ச்சிக்காரர், முரடர். வேண்டாமென்றால் நீங்களே 12 புள்ளிகளை அறிவு, மனம், உடம்பு, சுறுசுறுப்பு என நான்கு பிரிவுக்கும் பங்கு போடலாம். ஒவ்வொரு பிரிவிலும் ஆறு திறமைகள், மொத்தம் 24.

இவை வெறும் எண்கள் அல்ல. 24 திறமைகளும் உங்கள் தலைக்குள் இருந்து பேசும். 'லாஜிக்' எதிராளியின் பேச்சில் ஓட்டை கண்டுபிடிக்கும். 'எம்பதி' அவர் அழுகையை அடக்குவதைச் சொல்லும். 'என்சைக்ளோபீடியா' யாரும் கேட்காத தகவலை நீட்டி முழக்கும். 'எலக்ட்ரோகெமிஸ்ட்ரி' எதைப் பார்த்தாலும் குடி, புகை என்று நச்சரிக்கும். 'ஷிவர்ஸ்' என்பதை ஏற்றினால் ஊரே உங்களிடம் பேசும். எனக்குப் பிடித்தது அதுதான். கல்யாண வீட்டில் பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் ஒரே நேரத்தில் யோசனை சொல்வது போல இருக்கும். அதே போல எல்லாரும் சரியாகவும் சொல்ல மாட்டார்கள். ஒரு திறமையை ரொம்ப ஏற்றினால் அதன் குரல் மற்றவற்றை அமுக்கிவிடும். தலைக்குள் கேட்டதை அப்படியே செய்யாமல், யார் சொல்கிறார்கள் என்று பெயரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முதல் முறை ஆடுபவர் யோசிப்பவரையோ உணர்ச்சிக்காரரையோ எடுப்பது நல்லது, பேச்சில் கிடைக்கும் விஷயம் அதிகம். ஆனால் உடம்பை ஒரே புள்ளியில் விட்டால் ஜாக்கிரதை. கண் விழித்ததும் அறை விளக்கைப் போட்டாலே தலைவலியில் உயிர் போகலாம். மின்விசிறியில் மாட்டிக்கொண்டு சுற்றும் டையை எடுக்கப் போய் மாரடைப்பில் சாகவும் வழியிருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாம் படி: முதல் ஒரு மணி நேரம்

அறையில் உடுப்பைத் தேடி மாட்டுங்கள். டேப் பொத்தானை அழுத்தினால் தொடக்கூடிய பொருட்கள் எல்லாம் வெளிச்சமாகத் தெரியும். உடுப்புக்கும் திறமைக்கும் தொடர்பு உண்டு: ஒரு சட்டை ஒன்றை ஏற்றும், இன்னொன்றை இறக்கும். கேவலமான உடையாக இருந்தாலும் எண்ணைப் பாருங்கள்.

கீழே இறங்கினால் கிம் கிட்சுராகி நிற்பார். இன்னொரு காவல் நிலையத்திலிருந்து வந்த லெப்டினன்ட். இந்த மனிதரை விட்டுவிடாதீர்கள். நீங்கள் அபத்தமாக எதையாவது சொன்னால் புருவம் மட்டும் அசையும். அந்தப் புருவத்தை வைத்தே நீங்கள் எவ்வளவு தூரம் போயிருக்கிறீர்கள் என்று கணக்கிடலாம்.

விடுதி மேலாளர் உடைத்த பொருளுக்கும் வாடகைக்குமாக 130 ரியால் கேட்பார். கையில் இருக்காது. காலி பாட்டில் பொறுக்கிக் கடையில் போட்டால் காசு, அடகுக் கடையும் உண்டு, வெட்கத்தை விட்டால் ஊர்ப் பெரிய மனிதர்களிடம் கேட்கவும் செய்யலாம். போலீஸ்காரன் பாட்டில் பொறுக்குவதா என்று தோன்றினால் கிம்மின் முகத்தைப் பாருங்கள், அவருக்கும் அதே எண்ணம்தான்.

நேரம் ஓடுவது பேசும்போதும் படிக்கும்போதும் மட்டுமே. தெருவில் எவ்வளவு சுற்றினாலும் கடிகாரம் நகராது. அதனால் அவசரப்படாமல் மூலைமுடுக்கெல்லாம் நடந்து பாருங்கள். பேச்சின் நடுவில் சேவ் செய்ய முடியாது, நீளமான ஆளிடம் போவதற்கு முன் சேவ் செய்துகொள்ளுங்கள். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போகிற அழகுக்கு இது கட்டாயம்.

மூன்றாம் படி: பகடை

கஷ்டமான காரியம் வந்தால் இரண்டு பகடைகள் உருளும். அதோடு உங்கள் திறமை எண்ணைக் கூட்டி, தேவையான எண்ணைத் தொட்டால் வெற்றி. திறமை 4, தேவை 12 என்றால் பகடையில் 8 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 36 விதத்தில் 15 உங்கள் பக்கம், அதாவது 42 சதவீதம். திறமையில் ஒரே ஒரு புள்ளி ஏற்றினால் 58 சதவீதமாகிவிடும். இரண்டு ஆறு விழுந்தால் எப்போதும் வெற்றி, இரண்டு ஒன்று விழுந்தால் எப்போதும் தோல்வி.

இப்படிப் பகடை உருட்டுவதுதான் சோதனை. வெள்ளை நிறச் சோதனை தோற்றால் பூட்டிக்கொள்ளும். அந்தத் திறமையை ஏற்றினால் மறுபடி திறக்கும். சிவப்பு ஒரே ஒரு முறைதான். அனுபவப் புள்ளி 100 சேர்ந்தால் ஒரு திறமைப் புள்ளி கிடைக்கும். கிடைத்ததும் போட்டுத் தீர்க்காமல் ஒன்றைக் கையில் வைத்திருந்தால், தோற்ற வெள்ளைச் சோதனையை அங்கேயே நின்று திறக்கலாம். சிலது வேறு வழியிலும் எளிதாகும்: சரியான ஆளிடம் முன்பே பேசியிருந்தால் சதவீதம் ஏறும். சோதனையின் மேல் சுட்டியை வைத்தால் எதனால் ஏறியது, எதனால் இறங்கியது என்று காட்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தோற்றதும் பழைய சேவுக்கு ஓடாதீர்கள். மற்ற விளையாட்டில் தோல்வி என்றால் வெறும் சுவர். இதில் தோற்றாலும் கதை நகரும், பல இடங்களில் வெற்றியைவிடத் தோல்விக்கு நல்ல வசனம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தோல்வியையும் அழித்துவிட்டு ஆடினால் கெட்டிக்காரப் போலீஸ்காரனின் உப்புச்சப்பில்லாத கதைதான் மிஞ்சும்.

நான்காம் படி: ஆட்களிடம் பேசுவது

தமிழ்நாடு-கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார் பக்கத்து ஆட்களுக்கு இந்த ஊர் அந்நியமாகவே தோன்றாது. கதை நடக்கும் மார்ட்டினேஸ் ஒரு துறைமுகப் பேட்டை. சுமை இறக்கும் தொழிலாளர் சங்கம் வேலைநிறுத்தம் செய்து வாசலை மூடியிருக்கிறது. அதனால் லாரிகள் வரிசையாக நின்றுபோய், ஓட்டுநர்கள் வெட்டியாகக் கிடக்கிறார்கள். 2017இல் ஜிஎஸ்டி வருவதற்கு முன் வாளையார் செக்போஸ்ட்டில் லாரி வரிசையைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். வீடு கட்ட சிமெண்ட் இறக்கியவர்களுக்குச் சங்கத்தின் பலமும் தெரியும், சங்கத்தின் நியாயமும் தெரியும். சரக்கைத் தொடாமல் பார்த்து நிற்பதற்கே கேட்கும் நோக்குகூலியைக் கேரள அரசு 2018 மே 1 முதல் தடை செய்தது. அதைப் பற்றி டீக்கடையில் இரண்டு கட்சியும் பேசியதைக் கேட்டவர் இந்த விளையாட்டுக்குப் பாதி தயார்.

சங்கத் தலைவர் எவ்ரார்ட் கிளேரைப் பார்க்கப் போனால் சிரித்த முகமாக ஒரு நாற்காலியைக் காட்டுவார். உட்கார்ந்தால் உடம்பு நோகும். அந்த வலியில் உடம்பின் அளவு எண்ணாகவே குறையும். வேண்டுமென்றே போட்ட நாற்காலி அது. வந்தவனை நெளிய வைத்துக்கொண்டே "நாம் நண்பர்கள்தானே" என்று பேசுவார். எதிர்ப்பக்கம் கம்பெனிக்காக வந்த ஜாய்ஸ் மெஸ்ஸியர் படகில் நின்று பதமாகப் பேசுவார், அந்த உலகத்தைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார். இருவரிடமும் எல்லாக் கேள்வியும் கேளுங்கள். யாரை நம்புவது என்று அன்றைக்கே முடிவு செய்ய வேண்டாம். நீங்கள் வாய்க்கு வந்தபடி சொல்லும் அரசியல் கருத்தையும் விளையாட்டு எண்ணிக்கொண்டேயிருக்கும், பிறகு உங்களிடமே திருப்பிக் கேட்கும்.

இனி ஆங்கிலம். தமிழில் இல்லை, மலையாளத்திலும் இல்லை. நடையும் சில இடத்தில் கடினம். பக்கத்து வீட்டுப் பாலிடெக்னிக் பையனோடு சேர்ந்து ஆடும்போது நான் செய்வது இதுதான்: குரலை ஓடவிட்டு, அவன் சத்தமாக வாசிக்க, தெரியாத இடத்தில் மட்டும் நிறுத்துவோம். தலைக்குள் பேசும் 24 திறமைகளுக்கும் குரல் கொடுத்தவர் லென்வல் பிரவுன் ஒருவரே; நிதானமான குரல், காதில் விழுந்தாலே பாதி அர்த்தம் வந்துவிடும்.

"பாதி புரியலைங்ணா."

"வார்த்தையை விடுடா. அந்தாள் எதை மறைக்கிறான்னு பாரு."

"அந்தப் பிணத்தைப் பத்திக் கேட்டா மட்டும் பேச்சை மாத்தறாங்ணா."

அவ்வளவுதான், துப்பறிதல் தொடங்கிவிட்டது.

மற்றவை

'தாட் கேபினெட்' என்று ஒரு பகுதி உண்டு. பேச்சில் கிளம்பும் வினோத எண்ணங்களை அதில் போட்டு ஊறவிடலாம். ஊறும்போது ஒரு பலன், முடிந்ததும் வேறு பலன், சிலது நட்டம். 'ஹோபோகாப்' எண்ணம் முடிந்தால் காலி பாட்டில் அதிகம் கண்ணில் படும், காசுக் கஷ்டம் குறையும்.

உடம்பு, மனம் இரண்டுக்கும் தனித்தனி அளவு இருக்கிறது. குறைந்தால் உடம்புக்கு நோசஃபெட் மருந்து, மனதுக்கு மக்னீசியம். இரண்டிலும் எப்போதும் ஒன்றிரண்டு பையில் இருக்கட்டும். அவமானப்பட்டே ஆட்டம் முடிந்துபோகக்கூடிய விளையாட்டு இது, மக்னீசியத்தை அலட்சியம் செய்யாதீர்கள்.

மூன்றாம் நாள் கால்வாய் மதகு சரியாகி மறுகரைக்கு வழி திறக்கும். அதற்கு முன் இந்தக் கரையில் பிணத்தை மரத்திலிருந்து இறக்கிச் சோதித்துவிடுங்கள். கொலையாளி யார் என்று யூடியூபில் தேட வேண்டாம். கருத்துப் பகுதியில் எவனாவது முதல் வரியிலேயே எழுதி வைத்திருப்பான்.