ஐரோப்பாவின் பல்லுயிர்ப் பாதுகாப்பு: பரப்பளவைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஐரோப்பாவில் இயற்கையை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று பேச்சு வந்தாலே முதலில் வந்து விழுவது ஒரு சதவீதக் கணக்குதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 18 சதவீதம் 'நேச்சுரா 2000' என்ற பாதுகாக்கப்பட்ட இடங்களின் பட்டியலுக்குள் வருகிறது. மொத்தம் 27,000 இடங்களாவது இருக்கும். 1979இல் வந்த பறவைகள் சட்டமும் 1992இல் வந்த வாழிடங்கள் சட்டமும் இதற்கு அடித்தளம். எல்லாம் உண்மை, பெருமைப்பட வேண்டிய வேலையும்கூட. ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு "பாருங்கள், அங்கே காப்பாற்றிவிட்டார்கள்" என்று முடிவு கட்டுவதுதான் இந்த விஷயத்தில் நாம் செய்யும் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கின்றன.

ஜெர்மனியில் கிரெஃபெல்ட் என்று ஒரு ஊர். அந்த ஊரின் பூச்சியியல் ஆர்வலர்கள் 1989இலிருந்து 27 ஆண்டுகள், கூடாரம் மாதிரியான வலைப்பொறிகளைக் கட்டி, அதில் விழும் பறக்கும் பூச்சிகளை ஆல்கஹால் குப்பியில் சேகரித்து எடை போட்டுக்கொண்டே வந்தார்கள். 2017இல் கணக்கு வெளியானது: பூச்சிகளின் மொத்த எடை 75 சதவீதத்துக்கும் மேல் சரிந்திருந்தது. பொறி கட்டிய 63 இடங்களும் பாதுகாக்கப்பட்ட பகுதிகள்! காரணம் இதுதான் என்று அந்த ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை, ஆனால் அந்த இடங்களில் பெரும்பாலானவை சின்னச் சின்னத் துண்டுகள், சுற்றிலும் விளைநிலம். வேலிக்கு அந்தப் பக்கம் தெளிக்கும் மருந்து வேலியோடு நின்றுவிடாது, போடும் உரமும் மழைநீரோடு இந்தப் பக்கம் வந்து சேரும். ஐரோப்பா முழுவதும் பறவைகளை எண்ணிப் பார்த்து 2023இல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியாகவே சொன்னது. 1980க்கும் 2016க்கும் இடையில் விளைநிலப் பறவைகள் பாதிக்கும் மேல் குறைந்துவிட்டன, முக்கியக் காரணம் பூச்சிக்கொல்லியும் உரமும் கொட்டிச் செய்யும் தீவிர விவசாயம். ஆகவே காப்பகத்தை மட்டும் பார்த்து, பக்கத்து வயலைப் பார்க்காமல் விட்டால் கதையில் பாதி போய்விடும்.

கடலில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே நடப்பது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஐரோப்பியக் கடல்களில் உள்ள 727 பாதுகாக்கப்பட்ட பகுதிகளை ஆராய்ந்து 2018இல் ஒரு ஆய்வு வந்தது. அவற்றில் 59 சதவீதத்தில் வணிக ரீதியாக இழுவலை போடுகிறார்கள். போடுவதோடு விடவில்லை, சராசரியாகப் பார்த்தால் பாதுகாப்பு எல்லைக்கு வெளியே இருப்பதைவிட உள்ளே இழுவலை அடர்த்தி 1.4 மடங்கு. கனத்த சங்கிலியும் இரும்பும் கட்டிய வலையைக் கடல் தரையோடு இழுத்துக்கொண்டு போனால் கடற்பஞ்சு, பவளம், திருக்கை முட்டை எதுவும் தப்பாது. இழுவலை அதிகம் போடும் இடங்களில் சுறா, திருக்கை வகைகள் குறைவாக இருந்ததையும் அதே ஆய்வு காட்டியது. இது எப்படி நடக்கிறது? பல இடங்கள் ஒரு குறிப்பிட்ட பறவைக்காகவோ பாறைத்திட்டுக்காகவோ அறிவிக்கப்பட்டவை, மீன்பிடிக்குத் தனிக் கட்டுப்பாடு எழுதவே இல்லை. அதனால் "30 சதவீதக் கடலைப் பாதுகாக்கப் போகிறோம்" என்ற ஒன்றியத்தின் 2030 இலக்கைப் படிக்கும்போது, அங்கே எந்த வலைக்குத் தடை என்று கேளுங்கள். கிரீஸ் 2024இல் தன் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகள் எல்லாவற்றிலும் 2030க்குள் இழுவலையை நிறுத்துவதாக அறிவித்தது. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இந்த அறிவிப்பு ஏன் செய்தியானது என்று இப்போது புரியும்.

சரி, அப்படியானால் மனிதனை மொத்தமாக வெளியேற்றி வேலி போட்டுவிட்டால் தீர்ந்ததா? இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் தவறு, நல்லெண்ணம் உள்ளவர்கள்தான் இதை அதிகம் செய்கிறார்கள். இங்கிலாந்தில் லார்ஜ் ப்ளூ என்ற நீலப் பட்டாம்பூச்சி 1979இல் அற்றுப்போனது. அது குறையத் தொடங்கியபோது, சேகரிப்பாளர்கள் பிடித்துப் போவதால்தான் என்று நினைத்து அவர்களைத் தடுக்கப் பார்த்தார்கள். பட்டாம்பூச்சி தொடர்ந்து குறைந்துகொண்டே போனது. ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் 1970களில் மிச்சமிருந்த கூட்டத்தோடேயே நாள் முழுக்க இருந்து கவனித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

தாய்ப் பட்டாம்பூச்சி காட்டுத் தைம் செடியின் பூவில் முட்டையிடும். புழு சில வாரம் பூவைத் தின்றுவிட்டு மண்ணில் விழுந்து கிடக்கும், இனிப்பான ஒரு திரவத்தைச் சுரக்கும். சிவப்பு எறும்பு ஒன்று வந்து, தன் கூட்டத்துப் புழு வழிதவறிக் கிடக்கிறது என்று நம்பி அதைத் தூக்கிக்கொண்டு புற்றுக்குள் போகும். உள்ளே போன விருந்தாளி பத்து மாதம் எறும்புக் குஞ்சுகளைத் தின்றே வளரும். எந்த எறும்பானாலும் சரி என்று கிடையாது, மிர்மிக்கா சாபுலெட்டி என்ற ஒரே ஒரு இனத்தின் புற்றில்தான் புழு ஒழுங்காகப் பிழைக்கிறது. அந்த எறும்புக்கு வெயில் நேராக மண்ணில் விழ வேண்டும், அதாவது புல் ஓரிரு அங்குலத்துக்கு மேல் வளரக் கூடாது. ஆடுமாடு மேய்ப்பது குறைந்தது, 1950களில் பரவிய நோயில் முயல்களும் செத்தன, புல் உயர்ந்தது, மண் குளிர்ந்தது, எறும்பு போனது, பின்னாலேயே பட்டாம்பூச்சியும் போனது. அப்புறம் ஸ்வீடனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள், கூடவே மேய்ச்சலையும் திட்டமிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்று சாமர்செட் பக்கத்துச் சரிவுகளில் கோடையில் அது பறக்கிறது. ஐரோப்பாவின் பூக்கள் நிறைந்த புல்வெளிகளில் பெரும்பாலானவை பல நூறாண்டு மேய்ச்சலாலும் புல் அறுப்பாலும் உருவானவை. அங்கே விவசாயி விலகிப் போனால் புதர் ஏறிவிடும்.

மரம் நட்டால் நல்லதுதானே என்பதும் இதே குடும்பத்துத் தவறு. வட ஸ்காட்லாந்தின் ஃப்ளோ கன்ட்ரி பல ஆயிரம் ஆண்டாகச் சேர்ந்த பாசிச் சதுப்பு நிலம். 1980களில் வரிச் சலுகைக்காக அங்கே கால்வாய் வெட்டி, தண்ணீரை வடித்து, ஊசியிலை மரங்களை வரிசையாக நட்டார்கள். சதுப்பு காய்ந்தது, தரையில் கூடு கட்டும் உப்புக்கொத்திகள் போன்ற பறவைகள் இடம் இழந்தன, மண்ணில் புதைந்திருந்த கரிமமும் வெளியேறத் தொடங்கியது. 1988இல் சலுகை நிறுத்தப்பட்டது. இப்போது அதே மரங்களை வெட்டி எடுத்துக் கால்வாய்களை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2024இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் அது சேர்ந்தது.

தேனீக்களைக் காப்பாற்றுகிறோம் என்று தேனீப் பெட்டி வைப்பதும் இப்படித்தான். ஐரோப்பாவில் சுமார் 2,000 காட்டுத் தேனீ இனங்கள் உண்டு, பெட்டித் தேனீ வளர்ப்பு உயிர். பூ குறைவான இடத்தில் பெட்டிகளைக் குவித்தால் காட்டுத் தேனீக்களின் உணவுக்குத்தான் போட்டி. பூவை அதிகமாக்குங்கள், அவ்வளவுதான்.

இனிப் பணம். விவசாயிகளுக்கு மானியம் தரும் பொது வேளாண் கொள்கைக்கு ஒன்றியத்தின் வரவுசெலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போகிறது. இவ்வளவு பணம் போகும்போது அதில் கொஞ்சத்தைப் பசுமைக்கு என்று ஒதுக்கினால் போதும் என்ற நம்பிக்கையில், 2014க்குப் பிந்தைய திட்டத்தில் நேரடி மானியத்தின் 30 சதவீதத்தைச் சில பசுமை நிபந்தனைகளோடு கட்டினார்கள். 2017இல் ஐரோப்பியத் தணிக்கை மன்றம் சோதித்துப் பார்த்துச் சொன்னது என்ன தெரியுமா? அந்த நிபந்தனைகளால் விவசாய முறை உண்மையில் மாறியது ஒன்றியத்தின் விளைநிலத்தில் சுமார் 5 சதவீதத்தில்தான். மற்றவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததற்கே பணம் வாங்கினார்கள். நிபந்தனையே அவ்வளவு தளர்வாக எழுதப்பட்டிருந்தால் விவசாயி என்ன செய்வார்?

எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு அயர்லாந்தின் பர்ரன் பகுதியைப் பாருங்கள். கிளேர் மாவட்டத்துச் சுண்ணாம்புப் பாறைவெளி அது, பாறை இடுக்குகளில் வசந்தகால ஜென்ஷியன் பளிச்சென்ற நீலத்தில் பூக்கும், பக்கத்திலேயே ஆர்க்கிட். மற்ற ஊர்களில் கோடையில் மலைக்கு மாட்டை ஓட்டுவார்கள், இங்கே குளிர்காலத்தில் ஓட்டுவார்கள். மாடு பழைய புல்லை மேய்ந்துவிடுவதால் வசந்தத்தில் பூவுக்கு இடம் கிடைக்கிறது. தீவனத்தைக் கீழேயே கொடுத்து வளர்க்கும் பழக்கம் பெருகியபோது ஹேசல் புதர் மேலேறியது. 2005இல் தொடங்கிய ஒரு ஆய்வுத் திட்டத்தின் தொடர்ச்சியாக 2010இல் வந்த திட்டம் ஒவ்வொரு புல்வெளிக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டது. மதிப்பெண் ஏற ஏறப் பணம் ஏறும், மோசமான வயலுக்கு ஒன்றும் கிடையாது. எப்படி ஏற்றுவது என்பது விவசாயியின் பொறுப்பு, புதரை எங்கே வெட்டுவது, தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்று அவரே முடிவு செய்வார். பின்னாளில் 300க்கும் மேற்பட்ட பண்ணைகள் இதில் சேர்ந்தன. தன் வயலுக்கு ஏழா எட்டா என்று பக்கத்து வயல்காரரோடு பேசிக்கொள்ளும் விவசாயியிடம் பல்லுயிர் பற்றிப் பாடம் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதனால்தான் விவசாயியை எதிரியாக நிறுத்திப் பேசுவது தவறு என்று நினைக்கிறேன். மானியத்தின் பெரும்பகுதி ஏக்கர் கணக்கில் போகிறது, சுமார் 80 சதவீதம் 20 சதவீதப் பேர் கைக்குப் போய்ச் சேர்கிறது. சின்ன விவசாயி நெருக்கடியில் இருக்கும்போது மேலும் ஒரு படிவத்தை நீட்டினால் கோபம் வரத்தான் செய்யும். 2024இல் டிராக்டர்கள் தெருவுக்கு வந்தபோது அந்தக் கோபத்தில் அடிபட்டது பல்லுயிர்தான். 4 சதவீத நிலத்தைத் தரிசாக விட வேண்டும் என்ற கட்டாயம் நீங்கியது, பூச்சிக்கொல்லியைப் பாதியாகக் குறைக்கும் சட்ட முன்வரைவையும் அதைக் கொண்டுவந்த ஐரோப்பிய ஆணையமே திரும்பப் பெற்றது. சட்டம் வந்துவிட்டால் நிலைத்துவிடும் என்று நம்புவதும் ஒரு தவறு என்பது அப்போது தெளிவாகவே தெரிந்தது.

மீன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தடை போட்டால் மீன் திரும்பி வந்துவிடும் என்று எல்லா இடத்திலும் எதிர்பார்க்காதீர்கள். அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரை திரும்பி வந்தது. 2000களின் பின்பகுதியில் ஒதுக்கீட்டைக் கடுமையாகக் குறைத்தார்கள், கண்காணித்தார்கள், 2021இல் அது அழிவாபத்துப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. கிழக்கு பால்டிக் காட் மீனுக்கு 2019இல் அவசரத் தடை வந்தது, கூட்டம் இன்னும் எழவில்லை. வயலிலிருந்து வழிந்த உரம் கடலில் பாசியைப் பெருக்கி அடிநீரில் ஆக்சிஜனைத் தின்றுவிட்டது, மீன்கள் மெலிந்து கிடக்கின்றன. இங்கே மீன்வளத் துறை மட்டும் எதையும் சரிசெய்ய முடியாது, வேளாண் துறையும் வந்தாக வேண்டும்.

ஐரோப்பியத் தட்டில் இருக்கும் மீன் எல்லாம் ஐரோப்பிய மீன் என்று நினைப்பதும் தப்புக் கணக்கு. பெரும்பகுதி இறக்குமதி. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கத் தவறியதாகச் சொல்லி இலங்கைக்குச் சிவப்பு அட்டை காட்டிய ஒன்றியம், 2015 ஜனவரியிலிருந்து அங்கிருந்து மீன் வாங்குவதை நிறுத்தியது, ஆழ்கடல் படகுகளில் கண்காணிப்புக் கருவி பொருத்திச் சட்டங்களைத் திருத்திய பிறகு 2016 ஜூனில்தான் தடை நீங்கியது. சூரை, வாள்மீன் பிடித்து வாழ்ந்தவர்களுக்கு அந்தக் காலம் கடினமாகத்தான் இருந்தது. ஆனால் வாங்குபவர் கையில் எவ்வளவு பிடி இருக்கிறது என்பதையும் அது காட்டியது. அதே பிடியை ஒன்றியம் தன் சொந்தக் கடலின் இழுவலை மேலும் காட்ட வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

இப்போது கவனிக்க வேண்டியது 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த இயற்கை மீட்புச் சட்டம். ஒவ்வொரு நாடும் தன் மீட்புத் திட்ட வரைவைக் கொடுக்க அந்தச் சட்டம் வைத்த கெடு 2026 செப்டம்பர். விளைநிலத்துக்கு மூன்று அளவுகோல்களை அது தருகிறது: புல்வெளிப் பட்டாம்பூச்சிகளின் எண்ணிக்கை, மண்ணில் சேரும் கரிமம், வயலோரப் புதர், குட்டை போன்றவற்றுக்கு விட்ட இடம். மூன்றில் இரண்டில் முன்னேற்றம் காட்டினால் போதும், எந்த இரண்டு என்பதை நாடே தேர்ந்தெடுக்கலாம். நீங்கள் இருக்கும் நாட்டின் திட்டம் கைக்கு வந்தால் எத்தனை ஹெக்டேர் என்ற பக்கத்தைத் தாண்டிவிட்டு, பட்டாம்பூச்சி எண்ணிக்கையை விட்டுவிட்டார்களா, விட்டிருந்தால் என்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள் என்று முதலில் தேடிப் பாருங்கள்.