வைராக்கியமும் எளிமையும்: நல்ல ஊழியர்கள் சறுக்கும் இடங்கள்

ஊழியத்துக்கு வருகிறவரிடம் சபை முதலில் பார்ப்பது இரண்டு விஷயங்களை. உள்ளத்தில் வைராக்கியம் இருக்கிறதா, வாழ்க்கையில் எளிமை இருக்கிறதா? பணத்துக்கும் பேருக்கும் வருகிறவர்களைப் பற்றி நிறையவே பேசியாயிற்று. இங்கே சொல்லப்போவது உண்மையாகவே உழைக்க நினைக்கிறவர்கள் செய்கிற தவறுகளை. அவற்றை யாரும் கண்டிப்பதில்லை, சில சமயம் சாட்சியாகச் சொல்லிக் கைதட்டலும் வாங்குகிறார்கள்.

பெரிய தவறு வீட்டுக்குள் நடக்கிறது. இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனெரி வில்லியம் கேரியை உதாரணம் காட்டாத மிஷனெரிக் கூட்டம் கிடையாது. 1793-இல் இந்தியா வந்தார், 1801-இல் வங்காளி புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டார். கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வாங்கிய நல்ல சம்பளத்தில் பெரும்பகுதியைச் செராம்பூர் மிஷனுக்கே கொடுத்துவிட்டுச் சிக்கனமாக வாழ்ந்தார். அத்தனையும் உண்மை. அவருடைய மனைவி டோரதியின் கதையை மட்டும் மேடையில் சொல்வதில்லை. கர்ப்பமாக இருந்த டோரதி முதலில் வர மறுத்தார். தங்கையும் கூட வருவதாக முடிவான பிறகுதான் கப்பல் ஏறினார். அடுத்த வருஷமே ஐந்து வயது மகன் பீட்டர் நோயில் இறந்துபோனான். அதற்குப்பின் டோரதியின் மனம் பேதலித்தது. 1807-இல் சாகும்வரை அவர் தேறவில்லை. 1800 டிசம்பரில் கேரி ஹூக்ளி ஆற்றில் இறங்கி, மிஷனின் முதல் வங்காளி விசுவாசியான கிருஷ்ண பாலுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, அவர் மனைவி ஓர் அறைக்குள் அடைபட்டிருந்தார்.

இதனால் கேரியின் வேலையைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அந்த வேலைக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். நம் ஊர்களிலும் இது சின்ன அளவில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு வந்து, “ஆண்டவர் பேசினார்” என்று ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அறிவிப்பார்கள். அதற்குமேல் மனைவி என்ன சொன்னாலும் அவர் விசுவாசம் குறைந்தவர் ஆகிவிடுவார். பிள்ளையின் பள்ளி ஃபீஸ் பாக்கி நிற்கும். கன்வென்ஷன் பந்தல் செலவுக்கு அப்பா முதல் ஆளாகக் காணிக்கை கொடுத்திருப்பார். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை இந்த இடத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். முழுநேர ஊழியத்துக்கு வருமுன் மனைவியோடு உட்கார்ந்து மாதச் செலவை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வாடகை, பால், மருந்து, பெற்றோருக்கு அனுப்புவது, எல்லாம். அவர் தயங்கினால் காத்திருங்கள்.

திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்தை 1921-இல் தொடங்கிய சவரிராயன் ஏசுதாசன், எர்னஸ்ட் பேட்டன் இருவரும் டாக்டர்கள். கதர் உடுத்தி, ஆசிரம வாழ்க்கை வாழ்ந்து வைத்தியம் பார்த்தார்கள். ஆனால் இருவருமே திருமணம் செய்துகொள்ளவில்லை. குறைத்துக்கொண்டது தங்கள் தட்டிலிருந்த சோற்றை, மனைவி பிள்ளைகளின் தட்டிலிருந்ததை அல்ல. கதர் வேட்டியைப் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறோம். ஆடையைப் பற்றி எனக்கு அவ்வளவாகக் கவலை இல்லை. ஒருவர் கார் வைத்திருக்கிறாரா, ரப்பர் செருப்பு போடுகிறாரா என்பதை வைத்து எளிமையை அளந்தால் பாதி நேரம் ஏமாந்துபோவோம். தான் சைக்கிளில் போவதை வீடியோ எடுக்கச் சொல்லும் ஊழியரும் உண்டு.

அடுத்தது, எளிமையைப் பிறர்மேல் சட்டமாக்குவது. இதுதான் எனக்கு அதிகம் கோபம் வருகிற விஷயம். உதவி ஊழியர், வாரத்தில் ஏழு நாளும் ஆலயத்தைத் திறந்து பூட்டுகிற கோயில்பிள்ளை, மிஷன் பள்ளியில் பாடம் நடத்தும் இளம் டீச்சர் ஆகியோர் சம்பள உயர்வு கேட்டால், “இது வேலை இல்லை, ஊழியம்” என்று பதில் வரும். சொல்கிறவர் பெரும்பாலும் கமிட்டியில் இருக்கும் நல்ல சம்பளக்காரர். இவர்கள் துணைக்கு அழைப்பது பவுலை. அவர் கூடாரம் தைத்துப் பிழைத்தாரே என்பார்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 9-ஆம் அதிகாரத்தை முழுசாக வாசித்துப் பாருங்கள். போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்ற வசனத்தைச் சொல்லி, ஊழியனுக்குக் கூலி வாங்க உரிமை உண்டு என்று பாதி அதிகாரம் வாதாடிய பிறகுதான், நான் அதைப் பயன்படுத்தவில்லை என்கிறார். தன் உரிமையைத் தான் விட்டுக்கொடுத்தார். தன் உடன் ஊழியர்களான சீலாவின் உரிமையையோ தீமோத்தேயுவின் உரிமையையோ அவர்கள் சார்பில் விட்டுக்கொடுத்ததாக அங்கே ஒரு வரியும் இல்லை.

ஓய்வெடுப்பதை அனல் குறைவு என்று நினைப்பது வேறொரு தவறு. உபவாசம், முழு இரவு ஜெபம், காலையில் வீடு சந்திப்பு, மாலையில் கூட்டம் என்று வருஷக்கணக்கில் ஓடிவிட்டு, சுகர் ஏறிப் படுத்த பிறகு பிசாசின் தாக்குதல் என்பார்கள். சூரைச்செடியின் கீழ்ச் சாகக் கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், திரும்ப எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். வாரத்தில் ஒரு நாள் போனை அணைத்து வையுங்கள், சரிதானே?

கடைசியாகக் கணக்கு. “நான் எளிமையாய் இருக்கிறேன், என்னைப் போய்ச் சந்தேகப்படுவீர்களா?” என்று கணக்குப் புத்தகத்தை ஒதுக்கி வைக்கிற நேர்மையானவர்களும் இருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் மிஷனெரியான தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஐயரைவிட எளிமையாக வாழ்ந்தவரைக் காட்டுவது கஷ்டம். 1779-இல் சென்னை அரசாங்கத்தின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டினம் போனபோது, வழிச்செலவுக்கென்று ஹைதர் அலி அவருக்கு 300 ரூபாய் கொடுத்து அனுப்பினார். சுவார்ட்ஸ் அதை அப்படியே சென்னையில் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னபோதும் தன் பையில் போடாமல், தஞ்சாவூரில் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு முதல் நிதியாக அதைக் கேட்டு வாங்கினார்.

நம் சபைகளில் பல பெண்கள் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனி டப்பாவில் போட்டுவைத்துக் காணிக்கையாகக் கொண்டுவருகிறார்கள். அந்த அரிசியை விற்ற பணமும் உங்கள் கையில்தான் வந்து சேருகிறது. ஆகவே ரசீது கொடுங்கள், ஊழியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள், காசோலையில் உறவினர் அல்லாத இன்னொருவரின் கையெழுத்தும் இருக்கட்டும், வருஷத்துக்கு ஒருமுறை வரவு செலவை ஆலய நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.