ஈ.ஜி.ஆர் கோளாறு: வால்வைக் கழற்றும் முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. வண்டியில் மாட்டிக் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரில் பி0401 என்ற கோளாறுக் குறியீடு (கோடு) வருகிறது. நான் முதல்முறை இதைப் பார்த்தபோது நேராகப் புது ஈ.ஜி.ஆர் வால்வை வாங்கி மாட்டினேன். சில நாட்களில் அதே விளக்கு, அதே கோடு. பழைய வால்வில் ஒரு குறையும் இல்லை. கரி அடைத்திருந்தது அதை ஒட்டிய பாதையில். அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஈ.ஜி.ஆர் (எக்ஸாஸ்ட் கேஸ் ரீசர்குலேஷன்) செய்வது ஒரே வேலைதான். எஞ்சினில் எரிந்து வெளியேறும் புகையில் ஒரு பங்கை மறுபடி இன்டேக்குக்கு, அதாவது எஞ்சினுக்குள் காற்று போகும் பாதைக்கு, திருப்பி விடுகிறது. அதனால் சிலிண்டருக்குள் எரியும் சூடு தணிந்து, நைட்ரஜன் ஆக்சைடு குறைவாக உருவாகிறது. பெட்ரோல் எஞ்சின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல்) ஓடும்போது வால்வு பெரும்பாலும் மூடியிருக்கும். சீரான வேகத்தில் போகும்போது திறக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் அறிகுறிகள் தானாகப் புரியும். வால்வு திறந்தபடி சிக்கினால் ஐடில் தடுமாறும், வண்டி நின்றதும் எஞ்சின் ஆஃப் ஆகும். டீசல் வண்டியில் பிக்கப் குறைந்து கரும்புகை வரும். மூடியபடி சிக்கினால் பெட்ரோல் எஞ்சினில் ஏற்றத்தில் நாக்கிங் சத்தம் (தட்டுவது போன்ற சத்தம்) கேட்கலாம். டீசலில் பல நேரம் விளக்கைத் தவிர வேறொன்றும் தெரியாது.

முதலில் கோடைப் படியுங்கள், அழிக்காதீர்கள்

பி0401 என்றால் புகை ஓட்டம் போதவில்லை. பி0402 என்றால் அளவுக்கு மிஞ்சி ஓடுகிறது. பி0403 மின்சுற்றுக் கோளாறு. பி0405, பி0406 இரண்டும் சென்சார் சிக்னல் சம்பந்தப்பட்டவை. கோடு பதிவான நேரத்தில் எஞ்சின் சூடு, ஆர்.பி.எம், வேகம் எவ்வளவு என்பதை ஸ்கேனரில் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பதிவில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அழித்தால் அதுவும் போய்விடும்.

கண்ணால் பாருங்கள்

எஞ்சின் ஆறிய பிறகு ஹோஸ்களில் வெடிப்பு, கனெக்டர் பின்களில் பச்சை பூத்த துரு, சூட்டில் உருகிய வயர் இருக்கிறதா என்று தேடுங்கள். பத்து நிமிட வேலை. கோளாறு இங்கேயே சிக்கிவிடுவதும் உண்டு.

இப்போது வால்வைச் சோதிக்கலாம்

வால்வுக்கு வேக்குவம் ஹோஸ் (காற்றை உறிஞ்சி வால்வைத் திறக்கும் குழாய்) வருகிறதா, வயர் மட்டும் வருகிறதா என்று பாருங்கள். சோதனை அதைப் பொறுத்தது.

வேக்குவம் வகை என்றால், எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடும்போது ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, கை வேக்குவம் பம்ப்பை வால்வில் இணைத்து இழுங்கள். எஞ்சின் தடுமாறினாலோ நின்றாலோ வால்வும் பாதையும் நன்றாக இருக்கின்றன. சோலினாய்டு (வேக்குவத்தைத் திறந்து மூடும் மின் வால்வு), ஹோஸ், சென்சார் பக்கம் தேடுங்கள். வேக்குவம் நிற்காமல் இறங்கினால் வால்வுக்குள் உள்ள டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கலாம். வேக்குவம் இறங்காமல் இருந்தும் எஞ்சின் ஓட்டம் மாறவில்லை என்றால் கரி அடைப்பு, அல்லது வால்வு இறுகிப் போயிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: புகையின் பின்னழுத்தத்தைச் சார்ந்து இயங்கும் சில பழைய வால்வுகளில் ஐடிலில் வேக்குவம் நிற்காது. அவற்றைப் பழுதென்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மின்சார வகைக்கு, ஸ்கேனரிலிருந்தே வால்வைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். கேட்ட அளவும் வால்வு திறந்த அளவும் ஒத்துப்போக வேண்டும். டீசலில் இன்னொரு நல்ல அடையாளம் உண்டு: வால்வு திறக்கும்போது ஏர் ஃப்ளோ சென்சார் காட்டும் காற்றின் அளவு குறைய வேண்டும். வால்வு திறந்தும் அது குறையவில்லை என்றால் பாதை அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். வால்வே அசையவில்லையா? கனெக்டரில் மல்டிமீட்டரை வைத்து மின்சப்ளை, எர்த், சென்சாருக்கான 5 வோல்ட் எல்லாம் வருகின்றனவா என்று பாருங்கள். அவை சரியாக இருந்தால்தான் வால்வைச் சந்தேகிக்கலாம்.

கரி என்றால் சுத்தம் செய்யுங்கள்

ஆறிய எஞ்சினில் வால்வைக் கழற்றுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், காற்றோட்டமான இடமாக இருக்கட்டும். கார்ப் கிளீனர் தெளித்து ஊறவிட்டு பிரஷ்ஷால் தேயுங்கள். மோட்டார், சென்சார் உள்ள பகுதியில் கிளீனர் படக்கூடாது. எதிர்ப்புறம் உள்ள பாதையையும் மறக்காமல் சுரண்டுங்கள். நான் விட்ட இடம் அதுதான். கரித்துண்டு இன்டேக்குக்குள் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது புது கேஸ்கெட் போடுங்கள். அடிக்கடி கூலண்ட் குறைந்து வெண்புகையும் வந்தால், ஈ.ஜி.ஆர் கூலர் உள்ள வண்டியில் அதன் கசிவும் காரணமாக இருக்கலாம். அது தனி வேலை, மெக்கானிக்கிடம் விடுங்கள்.

சிலர் தகடு வைத்து அடைத்துவிடச் சொல்வார்கள். செய்யாதீர்கள். வண்டி கக்கும் நச்சு கூடும், பல நாடுகளில் சட்டவிரோதம், கோடும் பெரும்பாலும் திரும்ப வரும்.

அப்புறம் கோடை அழித்துவிட்டு, எஞ்சின் நன்றாகச் சூடானபின் சீரான வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். சில வண்டிகளில் புது வால்வை ஸ்கேனர் மூலம் கம்ப்யூட்டருக்குப் பழக்க வேண்டியிருக்கும். ஸ்கேனரில் ஈ.ஜி.ஆர் மானிட்டர் (வண்டி தானே செய்யும் ஈ.ஜி.ஆர் சோதனை) ‘ரெடி’ என்று காட்டி, புதிதாகக் கோடு எதுவும் இல்லையென்றால் வேலை முடிந்தது.