கென்யக் கிராமத்து இளைஞர்களுக்கு இணைய வேலை கற்றுக்கொடுப்பது எப்படி: முதல் வகுப்பிலிருந்து முதல் கூலி வரை

மேற்குக் கென்யாவின் சியாயா, புசியா போன்ற பகுதிகளுக்குத் தன்னார்வலர்களாகச் செல்பவர்கள் இணைய வருமானத்தைப் பற்றி வகுப்பெடுக்கும்போது, பத்து வகை வேலைகளையும் ஒரே வாரத்தில் அறிமுகப்படுத்தி முடித்துவிடுகிறார்கள். கேட்ட இளைஞர்களின் கையில் ஒரு வேலையும் தங்குவதில்லை. ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதற்கான கூலி அவர்கள் கைக்கு வந்து சேரும்வரை உடன் நிற்பதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கும் வேலையை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அந்த இளைஞர்கள் ஆங்கிலம், சுவாஹிலி, வீட்டு மொழியான லுவோ அல்லது லுஹ்யா என மூன்று மொழிகளோடு வளர்ந்தவர்கள் என்பதே இதற்குக் காரணம்.

முதல் படி, பணம் வரும் வழியைச் சரிசெய்வது. கென்யாவில் 2007-இல் தொடங்கிய எம்-பெசா என்னும் கைப்பேசிப் பணச் சேவைக்குக் கிராமத்துக் கடைகளிலேயே முகவர்கள் இருக்கிறார்கள். பேபால் என்னும் இணையப் பணச் சேவையின் கணக்கில் சேரும் தொகையையும் 2018 முதல் அதற்கு மாற்றிக்கொள்ள முடிகிறது. பதினெட்டு வயது நிறைந்து தேசிய அடையாள அட்டை பெற்றவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டையிலும் எம்-பெசாவிலும் வேலை தேடும் இணையதளத்திலும் பெயர் ஒரே எழுத்துகளில் இருக்கிறதா என்று முதல் நாளே ஒப்பிட்டுப் பாருங்கள். அண்ணன் பெயரில் வாங்கிய சிம் அட்டையோடு வேலையை முடித்தவருடைய கூலி கடைசி நேரத்தில் சிக்கிக்கொள்ளும்.

இரண்டாவது, கருவிகள். மூவருக்கு ஒரு மடிக்கணினி போதும். ஆனால் காதில் இறுக்கமாகப் பொருந்தும் ஹெட்போன் ஒவ்வொருவருக்கும் வேண்டும். டேட்டாவுக்குச் செலவாகும் என்பதால் பயிற்சிப் பதிவுகளை முன்கூட்டியே கணினியில் ஏற்றிவையுங்கள். ஓடிரான்ஸ்கிரைப் என்ற இலவசக் கருவி உலாவியிலேயே இயங்கும். அதில் எஸ்கேப் விசை ஒலியை நிறுத்தும், மீண்டும் ஓட்டும். எஃப்1 சற்றுப் பின்னே கொண்டுசெல்லும். விரல்கள் விசைப்பலகையை விட்டு எழாமல் நிறுத்தவும் பின்னோக்கிக் கேட்கவும் பழகுவதற்கே முதல் இரண்டு நாள்களை ஒதுக்குங்கள்.

மூன்றாவது படியில்தான் உண்மையான பாடம் தொடங்குகிறது. சந்தையில் தக்காளி விற்கும் ஒருவரின் அனுமதி பெற்று, அவர் பேச்சை மூன்று நிமிடம் சுவாஹிலியில் பதிவுசெய்து, அதை முதலில் சுவாஹிலியிலும் பிறகு ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லுங்கள். அவர் "ஸா டாட்டு" என்று சொன்னால் சொல்லுக்குச் சொல் அது "மூன்று மணி". ஆனால் காலைப் பேச்சில் அதன் பொருள் ஒன்பது மணி. நம் முன்னோர் சூரிய உதயத்திலிருந்து நாழிகையை எண்ணியதைப் போலவே, சுவாஹிலியிலும் பகல் மணி காலை ஆறிலிருந்து எண்ணப்படுகிறது. 2022-க்குப் பிறகு பரவிய தானியங்கி எழுத்தாக்க மென்பொருள்கள் தெளிவான ஆங்கிலத்தை நன்றாகவே எழுதுகின்றன என்பதை மாணவர்களிடம் மறைக்காதீர்கள். மொழிகள் கலந்து ஓடும் பேச்சிலும், இத்தகைய மணிக் கணக்கிலும், ஊர்ப் பெயர்களிலும் இயந்திரம் தடுமாறும் இடங்களைப் பிடித்துத் திருத்துவதே இன்று இவர்கள் விற்கக்கூடிய திறமை.

நான்காவது, விலைக் கணக்கு. இதைக் கரும்பலகையில் நிதானமாகப் போட்டுக் காட்டுங்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத அனுபவசாலிக்கே ஏறத்தாழ நான்கு மணி நேரம் பிடிக்கும். புதியவருக்கு ஆறு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். "மணிக்குப் பதினைந்து டாலர்" என்ற விளம்பரம் பதிவின் ஒரு மணியைக் குறிக்கிறது என்றால், உழைப்பின் ஒரு மணிக்குக் கிடைப்பது இரண்டரை டாலர்தான். தளத்தின் கட்டணமும் டேட்டாச் செலவும் அதிலிருந்து இன்னும் கழியும். எந்த மணியைச் சொல்கிறீர்கள் என்று வேலை கொடுப்பவரிடம் எழுத்தில் கேட்கும் பழக்கத்தை வகுப்பிலேயே நடித்துப் பழக்குங்கள்.

வேலை தேடுவதற்கு அப்வொர்க் போன்ற தளங்கள் உண்டு. அங்கே புதியவருக்குப் போட்டி கடுமை என்பதால், லுவோ, சுவாஹிலி நேர்காணல்களைப் பதிவுசெய்து வைத்திருக்கும் கிசுமு, நைரோபி ஆய்வாளர்களுக்கு நேரடியாக எழுதுவதையே நான் முதலில் பரிந்துரைப்பேன். சந்தைப் பதிவிலிருந்து எழுதிய ஒரு பக்கத்தை, பேசியவரின் பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு, கடிதத்தோடு மாதிரியாக இணைக்கச் சொல்லுங்கள். இளைஞர்களை இணைய வேலைக்குத் தயார்செய்ய 2016-இல் கென்ய அரசு தொடங்கிய அஜிரா திட்டத்தின் இலவசப் பயிற்சி பற்றியும் சொல்லிவையுங்கள்.

மூன்று வலைகளைப் பற்றிப் பெயர் சொல்லியே எச்சரியுங்கள். வேலை தருவதற்கு முன்பணம் கேட்பவர் வேலை தருபவர் அல்ல. பிறருடைய தளக் கணக்கை வாடகைக்கு எடுத்து உழைத்தால், கூலி கணக்கின் உரிமையாளரிடம்தான் சேரும். அவர் தராவிட்டால் முறையிட இடமில்லை. வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதிக்கொடுக்கும் தொழில் கென்யாவில் பலரை ஈர்த்திருக்கிறது. இங்கிலாந்து 2022-இல் சட்டம் இயற்றி, கட்டணம் பெற்று அதைச் செய்வதைக் குற்றமாக்கியது. அந்த எழுத்தைத் தன் பெயரில் அடுத்த வாடிக்கையாளரிடம் காட்டவும் முடியாது.

முதல் கூலி வந்ததாக எம்-பெசா குறுஞ்செய்தி ஒலிக்கும் நாளில் ஒரு நோட்டை எடுத்து, தேதி, பதிவின் நீளம், உழைத்த மணி, டேட்டாச் செலவு, கைக்கு வந்த தொகை ஆகியவற்றை ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வேலைக்கு என்ன விலை கேட்பது என்பதை அந்த வரியைப் பார்த்து அவர்களே முடிவு செய்யட்டும்.